சுவரோரத்து இரண்டு குழிகள்

அன்று காலை கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். கோயில் தலைவர் என்ற முறையில் நான், அர்ஜுனன். செயலாளர் சேது, என் மனைவியின் தம்பி. சுவருக்குச் சாயம் அடித்த ராஜு. கோயிலைக் கூட்டி விளக்கேற்றும் தங்கமணி. சேற்றை முதலில் பார்த்தவர் அவர்தான். என் மனைவி திலகா. என் மகள் நித்தியா. அவளுக்கு நிச்சயம் செய்திருந்த சுகுமாரன். பூசாரி வேறொரு வீட்டுக் காரியத்துக்குப் போயிருந்தார். அவர் பெயரையும் சிலர் இதில் இழுக்கிறார்கள். அவர் அங்கே இல்லை.

எங்கள் மாரியம்மன் கோயில் புக்கிட் ரோத்தான் ஊருக்கு வெளியே, பழைய செம்பனைத் தோட்டத்து எல்லையில் இருக்கிறது. திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தது. முன் சுவருக்கு மஞ்சள் அடித்து, அடிப்பக்கத்தில் ராஜு தாமரை வரிசை எழுதி முடித்திருந்தான். சனிக்கிழமை விடிந்து பார்த்தால் அந்தத் தாமரைகள் மேல் முட்டி உயரத்துக்குச் சிவப்புச் சேறு வாரி இறைத்திருந்தது. சுவரை ஒட்டிய தகரக் கூரைக்குக் கீழே ஈரச் செம்மண்ணில் இரண்டு குழிகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் ஆழம்.

"மூணு நாள் வேலைண்ணே," என்றான் ராஜு. "தாமரைக்கு மட்டும் ஒரு நாள். எவனோ வேணும்னே வந்து சக்கரத்தச் சுத்தி அடிச்சிட்டுப் போயிருக்கான்."

"அம்மன் கண்ணு முன்னாலயே," என்றார் தங்கமணி.

நான் குனிந்து குழிகளைப் பார்த்தேன். கூரைக்குக் கீழே மழை விழாததால் குழியின் விளிம்பில் டயரின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அகலமான டயர், நடுவில் மூன்று நேர்க்கோடுகள், ஓரத்தில் சாய்ந்த வெட்டுகள். அந்த அச்சு எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை நானே கழுவித் துடைக்கும் டயர் அது. சேற்றை அடித்தது என் வண்டி.

இதை நான் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இது என் காரு டயரு. ஆனா வெள்ளிக்கிழமை இதை ரெண்டு பேரு ஓட்டியிருக்கோம்."

எல்லாரும் சுகுமாரனைப் பார்த்தார்கள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வருடம் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். அந்த வருடங்கள் முழுக்க மற்றவர்களின் கார்கள் என்னை முந்திப் போவதைப் பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு, ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். கறுப்பு செடான், இரண்டு லிட்டர் டர்போ, இருநூற்று முப்பது குதிரைச் சக்தி. "இந்த வயசுல எதுக்குங்க இவ்வளவு வேகம்?" என்று திலகா கேட்டாள். வேகத்துக்காக வாங்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் அது நிற்க வேண்டும் என்று வாங்கினேன்.

வாங்கியதிலிருந்து அந்த வண்டி விஷயத்தில் யாரையும் நான் முழுதாக நம்பியதில்லை. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். வொர்க்‌ஷாப்காரன் ஏதோ கோணலாக மாட்டிவிட்டான் என்று நினைத்தேன். ஏழே மாதத்தில் முன் டயர் இரண்டும் வழுவழுவென்று தேய்ந்தன. பின் டயர்கள் புதிது போல இருந்தன. லோரியில் எப்போதும் பின் டயர்தான் முதலில் தேயும். ஆகவே காற்றடிக்க விட்டபோது கடைக்காரன் நல்ல டயரை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிட்டான் என்று முடிவு செய்து, கடையை மாற்றினேன். நாலும் புதிதாகப் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் அந்த அச்சு அவ்வளவு தெளிவாக இருந்தது.

இனி வெள்ளிக்கிழமை. மாலைப் பூசைக்கு நான் ஆறரைக்குப் போனேன். வண்டியை எப்போதும் போல் சுவரோரக் கூரைக்குக் கீழே விட்டேன். ஏழு இருபதுக்குத் தனியாகக் கிளம்பினேன். மழை கொட்டியது, உள்ளே ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் பக்கவாட்டு வாசல் வழியாகப் போனார்கள். எட்டு மணிக்குச் சுகுமாரன் என் வீட்டில் சாவியை வாங்கிக்கொண்டு, கோலா சிலாங்கூர் டவுனில் கல்யாணக் கார்டு எடுக்கப் போனார். அவருடைய சின்ன கார் அன்று பழுதாகி நின்றிருந்தது. டவுனுக்குப் போகும் வழியில்தான் கோயில்.

"எவ்வளவு நேரம் ஆச்சு மாப்பிள்ளை?" என்று மண்டபத்தில் கேட்டேன்.

"ஒன்னே கால் மணி நேரம் இருக்கும் மாமா."

"போக அரை மணி, வர அரை மணி கூட ஆகாது. மிச்ச நேரம்?"

"ராத்திரி மின்மினிப் பூச்சி பாக்க டூரிஸ்டுங்க வந்த பஸ்ஸுங்க லா மாமா. கம்போங் குவாந்தான் சந்திப்புல ஒரே ஜாம்."

"கோயில்ல நிறுத்தினீங்களா?"

"இல்ல மாமா. நிறுத்தவே இல்ல."

அந்தப் பதில் எனக்கு மிக வேகமாக வந்ததாகத் தோன்றியது. குழிகளைக் காட்டினேன். தடம் பார்ப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மழைக்காலத்தில் எந்த லோரி எந்தப் பக்கம் பார்த்து நின்றது, எந்தப் பக்கம் போக முயன்று மாட்டியது என்று மண்ணைப் பார்த்தே சொல்வேன். குலை திருடிய ஒரு லோரியை அப்படித்தான் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணிக்குக் காட்டிக்கொடுத்தேன். கணக்கு எளிது. மாட்டிய சக்கரம் குழி தோண்டும். குழி எந்தப் பக்கமோ, அது வண்டியின் பின்பக்கம்.

"குழி செவுத்துப் பக்கம் இருக்கு," என்றேன். "அப்படின்னா வண்டியோட பின்பக்கம் செவுத்துப் பக்கம் இருந்திருக்கு. மூஞ்சி ரோட்டைப் பாத்து நின்னிருக்கு. கிளம்பும்போது சக்கரம் சுத்தி, சேத்தைப் பின்னால செவுத்துல அடிச்சிருக்கு. நான் என்னைக்கும் மூஞ்சியை உள்ள விட்டுத்தான் நிறுத்துவேன். அது ஊருக்கே தெரியும். பின்னால தள்ளி நிறுத்துற ஆளு யாரு?"

சுகுமாரன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அங்கே எல்லா வண்டியையும் பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும் என்பது விதி. அவசரம் என்றால் சட்டென்று வெளியே போவதற்காக. அந்தப் பழக்கத்தில் என் வீட்டு வாசலிலும் அப்படித்தான் நிறுத்துவார். முதல் நாளிலிருந்தே அது எனக்குப் பிடிக்கவில்லை. பெண் பார்க்க வந்த வண்டி ஓடத் தயாராக நின்றால் எந்தத் தகப்பனுக்குப் பிடிக்கும்?

"மச்சான், நீங்க லோரி ஓட்டுனதுக்குப் பதிலா போலீஸ்ல சேந்திருக்கணும்," என்றான் சேது.

"அப்பா, அவரு இல்லன்னா இல்லதான்," என்றாள் நித்தியா.

"நீ சும்மா இரு. மாப்பிள்ளை, வண்டி வழுக்கறது தப்பில்ல. யாருக்கும் நடக்கும். ஆனா அம்மன் செவுத்துல சேத்த அடிச்சிட்டு, பேசாம வந்து என் வீட்டுல சோறு சாப்பிட்டிருக்கீங்க. அதான் தப்பு. இப்பவே ஒத்துக்கிட்டு அம்மன் கால்ல விழுங்க. நான் இதோட விட்டுடறேன்."

சுகுமாரன் என்னை நேராகப் பார்த்தார். "செய்யாததுக்கு எப்படி மாமா விழுவேன்?"

"வெள்ளிக்கிழமை நான் வந்தப்ப செவுரு சுத்தமா இருந்துச்சு," என்றேன்.

நான் சொன்னது உண்மை. வந்தபோது பார்த்தேன். கிளம்பும்போது மழையில் பார்க்கவில்லை. அந்த இரண்டாவது பாதியை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. அது தேவை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

"அப்ப கல்யாணம் இல்ல," என்றேன். "நாளைக்கு நானே சுங்கை பெசாருக்கு வந்து ஒங்க அப்பாகிட்ட சொல்றேன். பொய் சொல்றவனுக்கு என் வீட்டுல பொண்ணு கிடையாது."

அன்று மாலை நித்தியா என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. ரவாங்கில் அலுவலகத்தில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவாள். அழவில்லை. "நீங்க நாளைக்குப் போய்ச் சொல்லுங்கப்பா. நான் திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். அப்புறம் இந்த வீட்டுக்கு வர மாட்டேன்," என்றாள். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். அவள் சொன்னால் செய்வாள். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் திலகாவும் சேதுவும் கிளம்பினோம்.

"மூணு பேராப் போகக் கூடாதுங்க," என்றாள் திலகா.

"நல்ல காரியத்துக்குத்தான் அந்தப் பேச்சு. முறிக்கப் போறதுக்கு மூணு பேரு சரிதான்," என்றேன்.

தஞ்சோங் காராங் தாண்டியதும் சாலை நேராகிறது. இரு பக்கமும் வயல். முன்னால் ஒரு லோரி ஊர்ந்தது. முந்துவதற்காக மிதித்தேன். வண்டி பாய்ந்தது, ஸ்டீயரிங் வழக்கம் போல் கையை இழுத்தது. பிடித்து நேராக்கினேன். திலகா கண்ணை மூடிக்கொண்டாள். வழி முழுக்க நான் சுகுமாரன் சொன்னதையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஜாம் என்றாரே, எத்தனை பஸ் என்று சொன்னாரா? கார்டுக் கடை எத்தனை மணிக்கு மூடும்? முன் சக்கரத்து மட்கார்டில் காய்ந்த சேறு இருந்ததைச் சனிக்கிழமை பார்த்தேனே, அது எந்தச் சாலையில் பட்டது? எல்லாக் கேள்வியும் அவரையே காட்டியது.

சுகுமாரனின் தகப்பனார் கணேஸ்வரன் நெல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால் ஓரத்தில் வீடு. கல்யாணத்துக்காக முன் சுவருக்கு வெளிர் நீலம் அடித்திருந்தார்கள். முதல் நாள் மழையில் முற்றம் சொதசொதவென்று இருந்தது. வண்டியை நேராக உள்ளே விட்டுச் சுவரருகே நிறுத்தினேன்.

"வாங்க சம்பந்தி, வாங்க!" கணேஸ்வரன் வெள்ளை வேட்டியில் வெளியே வந்தார். மகன் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"கணேஸ்வரன் ஐயா," என்றேன். நான் சம்பந்தி என்று திருப்பிச் சொல்லாததை அவர் உடனே கவனித்தார். சிரிப்பு நின்றது.

உள்ளே அவர் மனைவி இராஜம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. முறிக்க வந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. சேதுவும் தொடவில்லை. திலகா மட்டும் குடித்துவிட்டாள்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கணேஸ்வரன் குறுக்கிடாமல் கேட்டார். சுகுமாரன் அறை வாசலில் நின்றார்.

"எம் பையன் செஞ்சதை யாராச்சும் கண்ணால பாத்தாங்களா?"

"தடம் இருக்கு."

"தடம் வாயத் தொறந்து பேரு சொல்லுச்சா?"

"எனக்குச் சொல்லும். முப்பத்து நாலு வருஷம் அதான் என் வேலை."

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "டேய். செஞ்சியா?"

"இல்லப்பா."

"அவன் இல்லன்னு சொல்லிட்டான். எனக்கு அது போதும்," என்றார் கணேஸ்வரன். "கல்யாணத்த நிறுத்தறது ஒங்க இஷ்டம். ஆனா என் வீட்டு வாசல்ல வந்து எம் பிள்ளைய பொய்யன்னு சொல்லிட்டீங்க. இத நாங்க மறக்க மாட்டோம் ஐயா."

அவரும் ஐயா என்று மாறிவிட்டார். மூவரும் வண்டியில் ஏறினோம். அந்த வீட்டார் வாசலில் வந்து நின்றார்கள். வந்தவர்களை வெளியே வந்து அனுப்பும் முறையை அவர்கள் விடவில்லை. ரிவர்ஸ் போட்டு மிதித்தேன்.

எஞ்சின் கத்தியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னியது. வண்டி நகரவில்லை, நின்ற இடத்தில் அதிர்ந்தது. இன்னும் அழுத்தினேன். லோரி மாட்டினால் அப்படித்தான் எடுப்போம்.

"ஐயோ, செவுரு!" என்று இராஜம்மா கத்தினார்.

வண்டி சட்டென்று பிடித்துக்கொண்டு பின்னால் வழுக்கியது. நான் பிரேக்கை அழுத்தி நிமிர்ந்து பார்த்தேன். நீலச் சுவரில் முட்டி உயரத்துக்குச் சேறு வழிந்தது. கணேஸ்வரனின் வேட்டியில் இடுப்பு வரைக்கும் சேறு.

இறங்கினேன். பழக்கத்தில் கால்கள் நேராக வண்டியின் பின்பக்கம் போயின. பின் டயர் இரண்டும் புல்லின் மேல் சுத்தமாக இருந்தன. ஒரு பொட்டுச் சேறு இல்லை. பிறகு முன்னால் போனேன். முன் டயர்கள் சேறு பூசி நின்றன. அவற்றுக்கு முன்னால், சுவர்ப் பக்கம், இரண்டு குழிகள். ஒவ்வொன்றும் ஒரு சாண்.

லோரியைப் போல் பின்சக்கரம் தள்ளுவதில்லை, இந்த வண்டியை முன்சக்கரம்தான் இழுக்கிறது என்று விற்றவன் அன்றே சொன்னான். காதில் விழுந்தது. காலுக்குப் போய்ச் சேரவில்லை. தேய்ந்த முன் டயரும் கையை இழுத்த ஸ்டீயரிங்கும் அதையேதான் சொல்லியிருக்கின்றன. நான் இரண்டு கடைக்காரர்களைச் சந்தேகப்பட்டேன்.

கோயில் குழிகளை மனதில் கொண்டுவந்து, வண்டியை அதன் மேல் திருப்பி வைத்துப் பார்த்தேன். முகம் சுவரைப் பார்த்து. பின்னால் வரும்போது முன்சக்கரம் சுற்றி, சேறு முன்னால் சுவரில். எல்லாம் பொருந்தியது. வெள்ளிக்கிழமை கிளம்பும்போது மழையில் வண்டி ஒரு கணம் அடம்பிடித்ததும், அதே மஞ்சள் விளக்கு எரிந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் மழை, காதில் நாதஸ்வரம். அழுத்தினேன், நகர்ந்தது, போய்விட்டேன்.

சேதுவுக்கு எதுவும் புரியவில்லை. "வண்டிதான் வெளிய வந்திடுச்சே, ஏறுங்க மச்சான், போலாம்," என்றான். ஏறிப் போயிருக்கலாம். ஆனால் சுகுமாரன் குழிகளுக்கு அருகில் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பூசைக்கு வண்டிய எப்படி விட்டீங்க மாமா?"

"மூஞ்சிய உள்ள விட்டு," என்றேன். சொல்லும்போதே குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "நாந்தான். அது நாந்தான்."

கணேஸ்வரன் வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார்: "இப்ப நாந்தான்னு சொல்றது எதுக்கு? என் வேட்டிக்கா, கோயில் செவுத்துக்கா?"

"ரெண்டுக்கும்," என்றேன். "தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

எழுபத்திரண்டு வயதில் இன்னொரு வீட்டு முற்றத்தில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் முறை. சொல்லிவிட்டு அது போதும் என்று நினைத்தேன். சுகுமாரனுக்குப் போதவில்லை.

"இங்க சொன்னா பத்தாது மாமா. என்னை எந்த எடத்துல கேட்டீங்களோ அந்த எடத்துல சொல்லணும். அதே ஆளுங்க முன்னால."

"டேய், அவரு பெரியவரு," என்றார் கணேஸ்வரன்.

"பெரியவருன்னுதான்பா கேக்கறேன். அவரு சொன்னாத்தான் ஊரு கேக்கும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அதில் ஒரு சொல்லும் குறைத்திருக்க மாட்டேன். சரி என்றேன். இராஜம்மா மறுபடி காப்பி கொண்டுவந்தார். இந்த முறை குடித்தேன். அப்பாவும் மகனும் வண்டியைத் தள்ளிக் கல் பாவிய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று மாலையே, நித்தியா ரவாங்குக்குக் கிளம்புவதற்கு முன், சனிக்கிழமை இருந்த மற்ற ஆறு பேரையும் அதே மண்டபத்துக்கு வரச் சொன்னேன். குழிகள் இன்னும் மூடப்படவில்லை. வண்டியை அவற்றின் மேலேயே முகத்தை உள்ளே விட்டு நிறுத்திக் காட்டினேன். முன்சக்கரம் இரண்டும் குழிகளில் சரியாக இறங்கின. நடந்ததைச் சொன்னேன். கிளம்பும்போது சுவரைப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். எல்லார் முன்னாலும் சுகுமாரனிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மன் காலில் யார் விழ வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேனோ, அவர் இடத்தில் நான் விழுந்தேன். எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. சுகுமாரன் கை கொடுத்தார்.

"சரி மாமா, முடிஞ்சிருச்சு," என்றார்.

வீட்டுக்குப் போனதும் நித்தியா கட்டிலில் இருந்த பெட்டியைத் திறந்து, சேலைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ரவாங்குக்குப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ராஜு தாமரைகளை மறுபடி எழுதினான்.

ஆனால் மண்டபத்தை விட்டு வெளியே வரும்போதே தங்கமணி, "ஒங்க மனசு யாருக்கு வரும் தலைவரே," என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புக்கிட் ரோத்தான் கடைகளில் என் காதுபடவே பேசுகிறார்கள். சேற்றை அடித்தவர் மாப்பிள்ளைதானாம். மகளின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று நான் பழியை என் தலையில் போட்டுக்கொண்டேனாம். தடம் பார்ப்பதில் அர்ஜுனன் தவறவே மாட்டாராம். சிலர் இதைச் சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கவும் செய்கிறார்கள்.

அது பொய். நான் யார் பழியையும் சுமக்கவில்லை. தடத்தை நான் தவறாகப் படித்தேன். சுகுமாரன் அன்று கோயிலில் வண்டியை நிறுத்தவே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஏழு இருபதுக்கு அந்த வண்டியில் இருந்தவன் நான் ஒருவன்தான். சுவரில் சேற்றை அடித்தவன் நான்.